மூன்றாவது கட்டம்

படிவத்தில் நான்கு கட்டங்கள்.
ஒன்றில் மட்டும் டிக் அடிக்க வேண்டும்.

தேசப்பன் உட்கார மறுக்கிறார்.
லுங்கி ஈரமாம், நாற்காலி கெட்டுவிடுமாம்.
எண்ணூர் முகத்துவாரத்துக்கு நேர்கிழக்கே
பதினோரு பாகத் தண்ணீரில்
அவர் வலையில் மாட்டியவை
மூன்று நீல டிரம்கள்.
உள்ளே செம்புக் கம்பி.
கழுத்தில் நைலான் கயிறு.
கயிற்றின் மறுமுனையில்
பாசி பிடித்த மஞ்சள் கேன் இரண்டு.

நான் சர்வே ஆபீசில் டைப் அடிப்பவள்.
சூரியநாராயண செட்டித் தெரு, இரண்டாம் மாடி.
ஜன்னலைத் திறந்தால் டிரெய்லர் வரிசை,
மூடினால் அதன் ஹாரன் மட்டும்.
வருகிறவர்களுக்கு இங்கிலீஷைத் தமிழாக்கிச் சொல்வதும்
அதே சம்பளத்தில்தான்.

சொன்னேன்:
கப்பல் உடைந்து தானாக மிதந்து வந்தால் முதல் கட்டம்.
பாரம் குறைக்க அவர்களே தூக்கி எறிந்தால் இரண்டாவது.
இனி வரமாட்டோம் என்று
கைகழுவிவிட்டுப் போனது நான்காவது.

‘மூணாவத வுட்டுட்டியேம்மா.’

மூன்றாவது, லேகன்.
லாகனா லேகனா, குதிரைக்குப் போடும் லகானா,
எங்கள் ஆபீசில் யாரும் அதை
வாய்விட்டுச் சொல்லிக் கேட்டதில்லை.
பதினாறு வருடத்தில் ஒரே ஒரு முறை அடித்திருக்கிறேன்,
அதுவும் பிழையாக.
அகராதி அதற்கு ஒன்றரை வரி ஒதுக்கி
‘அரிதாக’ என்று ஓரத்தில் முணுமுணுக்கிறது:
பிறகு வந்து எடுத்துக்கொள்ள
மிதவை கட்டிக் கடலில் இறக்கிய பொருள்.

அவர் சிரித்துவிட்டார்.
‘இதுக்கா இங்கிலீஷு?
டீசல் பத்தலன்னா வலைய அப்டியே வுட்டுட்டு
கேன் கட்டிட்டுத்தான் கரைக்கு வர்றோம்.
போயா மேல இருக்கற வரிக்கும்
எவனும் கை வெக்க மாட்டான்.’
கொஞ்சம் யோசித்து,
‘வெக்கறவனும் கீறான்.’

நீங்கள் அதை என்னவென்று சொல்வீர்கள் என்றேன்.
‘இன்னான்னு சொல்றது, வலைதான்.’

டிக் அடிக்கும் முன் பேனா நின்றது.
மூன்றாவது என்றால் பொருள் இன்னும் உடையவனுடையது,
இவருக்குத் தூக்கி வந்த கூலி.
நான்காவது என்றால் பங்கு கூடலாம்.
அது இவருக்கும் தெரியும்.
கயிற்றை நடுக்கடலிலேயே அறுத்துவிட்டு
வெறும் டிரம்மோடு வந்திருக்கலாம்.
வரவில்லை.
கேன்களைச் சாக்கில் கட்டி
இரண்டு மாடி தூக்கிவந்து
என் மேசைமேல் வைத்திருக்கிறார்.
தண்ணீர் சொட்டி இன்டென்ட் புத்தகம் நனைகிறது.
‘முடிச்சப் பாரும்மா.
அவசரத்துல போட்ட முடிச்சு இல்ல அது.’

அடித்தேன், மூன்றாவதில்.

மாலை கல்மண்டபத்தில் பஸ் ஏறி
தண்டையார்பேட்டையில் இறங்கினேன்.
சேட்டுக் கடையில் என் இரட்டைவடம்
நான்கு வருடமாகக் கிடக்கிறது,
எத்தனை பாகம் என்று தெரியாத ஆழத்தில்.
மேலே மிதப்பது
பர்ஸில் நாலாக மடித்த மஞ்சள் சீட்டு.
வட்டி மட்டும் கட்டினேன்.
வட்டி என்பது
கயிறு இருக்கிறதா என்று
ஒரு தரம் இழுத்துப் பார்ப்பது.

போனில் ‘கேஸ் ஏஜென்சி’ என்றொரு எண் இருக்கிறது.
எனக்குச் சிலிண்டர் அங்கிருந்து வருவதில்லை.
எட்டு வருடமாக நான் அழைக்கவும் இல்லை.
புதுப் போன் மாற்றும்போதெல்லாம்
முதல் வேலையாக அதை ஏற்றிக்கொள்கிறேன்.
அவனைப் பற்றி யாராவது கேட்டால்
நான்காவது கட்டத்தைச் சொல்வேன்,
நம்பிவிடுவார்கள்.

திரும்பும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி
ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.
லேகன்.

காலி மீன்கூடையோடு பக்கத்தில் நின்றவள்
குனிந்து வெளியே பார்த்தாள்.
‘அது எந்த ஸ்டாப்புக்கா,
தாண்டிடுச்சா?’